பிக் சர் கடலோரச் சாலை ஏன் ஓயாமல் சரிகிறது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சான் ஹோசேயில் வசிக்கிறேன். ஏப்ரல் மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். கலிபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் கார்மெல் தொடங்கிச் சான் சிமியோன் வரை, பிக் சர் என்னும் மலைக்கரை வழியாக, இடப்பக்கம் மலையும் வலப்பக்கம் பசிபிக் கடலுமாக அவர்களை அழைத்துப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மூன்று ஆண்டுகளாக அது நடக்கவில்லை. 2023 ஜனவரியில் லூசியாவுக்கு அருகே பால்ஸ் ஸ்லைடு என்னும் இடத்தில் மலை இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்து 2024 ஜூனில் திறந்தார்கள். அதற்குள் கொஞ்சம் வடக்கே ரீஜன்ட்ஸ் ஸ்லைடு சரிந்து கிடந்தது. 2026 ஜனவரி 14 அன்றுதான் சாலை முழுவதும் மீண்டும் திறந்திருக்கிறது.

எனக்கு விளங்காதது இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையும் கடலோரச் சாலைதான். புயலில் மணல் மூடும், தண்ணீர் தேங்கும். மலை வந்து விழுவதில்லை. இங்கே ஐம்பது முறைக்கு மேல் சாலை மூடப்பட்டிருக்கிறது என்கிறார்கள். கட்டியவர்கள் பிழை செய்துவிட்டார்களா, அல்லது அந்த மண்ணிலேயே ஏதோ இருக்கிறதா? வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறேன் என்பதால் ஆழ்ந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாறைவழி எழுதியது:

நான் பொறியியல் நிலவியல் படித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக மலைச்சாலைகளின் சாய்வை அளப்பதுதான் தொழில். பிக் சரில் நேரடியாகப் பணியாற்றியதில்லை. ஆனால் எங்கள் துறையில் அந்தக் கரையைக் கவனிக்காதவர் யாரும் இல்லை.

கட்டியவர்களைக் குறை சொல்வதற்கு முன் மலையைப் பார்ப்போம். உங்கள் பொதிகையிலிருந்தே தொடங்குகிறேன். அகத்தியர் மலை உச்சி 1,868 மீட்டர். அங்கிருந்து அரபிக்கடல் நாற்பது கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் மண் படிவதற்கும் ஆறு வளைந்தோடுவதற்கும் அந்த இடைவெளி போதும். பிக் சரில் கோன் பீக் என்னும் சிகரம் 1,571 மீட்டர். கடலோ அதிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். நடுவே சமவெளி என்று ஒன்று கிடையாது. சான்டா லூசியா மலைத்தொடர் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. பொதிகையின் பாறை ஐம்பது கோடி ஆண்டுக்கும் மூத்தது. வெந்து, இறுகி, உறுதிப்பட்டது. சான்டா லூசியா மலையாக எழுந்து சில மில்லியன் ஆண்டுகள்தான் ஆகின்றன. இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது, அந்த மலை எதனால் ஆனது என்பது. அங்கே இரண்டு பாறைக்குடும்பங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒன்றன் பெயர் ஃபிரான்சிஸ்கன் தொகுதி. டைனோசர் காலத்தில், ஃபாரலான் என்ற கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. அப்போது கடலடிச் சேறும் மணலும் எரிமலைப் பாறையும் மேல்தட்டின் விளிம்பில் வழிக்கப்பட்டுக் குவிந்தன. தோசைக்கல்லைத் திருப்பியால் சுரண்டும்போது அதன் முனையில் மாவும் கருகலும் சேர்ந்து மடிந்து குவியும் அல்லவா, அப்படி. அந்தக் குவியல்தான் பிறகு மலையாக எழுந்தது. அதில் களிப்பாறை அரைபட்டு மாவாகிக் கிடக்கும். அதற்குள் வீட்டளவு மணற்பாறைத் துண்டுகள் சிக்கியிருக்கும். பார்ப்பதற்குப் பாறைபோலத் தோன்றும். சுத்தியலால் தட்டினால் ஓர் இடத்தில் கணீர் என்னும், ஒரு சாண் தள்ளித் தட்டினால் உதிரும். இடையிடையே செர்பென்டினைட் என்ற பச்சைப் பாறை. அதன் உடைந்த பரப்பைத் தடவினால் சோப்புக்கட்டி போல வழுக்கும். அதே பாறையோடு சேர்ந்துதான் ஜேட் கல் விளைகிறது. ஜேட் கோவ் என்ற சிறு குடாவுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

மற்றொன்று சாலினியக் குடும்பம். கிரானைட்டும் உருமாறிய பாறைகளும் பளிங்கும். இது சான் ஆண்ட்ரியாஸ் பிளவு வழியே தெற்கிலிருந்து நகர்ந்து வந்த நிலத்துண்டு. பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த 1880களின் சூளைகள் லைம்கில்ன் பூங்காவில் இன்னும் நிற்கின்றன. இது உறுதியான பாறைதான். ஆனால் பிளவுகளால் நொறுங்கியிருப்பதால் கல் உருளும். ஆகவே சாலையின் ஒரு பகுதியில் மலை சேறாக வழிகிறது, இன்னொரு பகுதியில் பாறாங்கல்லாக விழுகிறது. ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்தாது.

இதற்கு மேல் கடல். ஒவ்வொரு குளிர்காலமும் அலை மலையின் காலை அரிக்கிறது. கால் போனால் உடல் இறங்கத்தானே வேண்டும்? சாலை வராவிட்டாலும் அந்த மலை இப்படித்தான் சரிந்துகொண்டிருக்கும். 1919இல் தொடங்கி 1937இல் திறந்த இந்தச் சாலையைச் சிறைக்கைதிகளும் சேர்ந்து டைனமைட் வைத்து வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினார்கள். சாய்வின் நடுவே ஒரு படி வெட்டினால் மேலே உள்ளதற்குத் தாங்கல் குறையும், கீழே கொட்டிய மண் புதுச் சுமையாகும். அந்த அளவுக்குக் கட்டியவர்களின் பங்கு உண்டு. ஆனால் வேறு யார் கட்டியிருந்தாலும் அந்த மலையில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்பதே என் எண்ணம்.

மாலைவெயில் எழுதியது:

அருமையான விளக்கம், நன்றி. எனக்கொரு ஐயம். மழையால்தான் சரிவு என்றால் மழை பெய்யும்போதுதானே சரியவேண்டும்? இதே சாலையில் மட் கிரீக் என்னும் இடத்தில் மலை சரிந்தது 2017 மே 20 அன்று. கலிபோர்னியாவில் மே மாதம் மழைக்காலமே முடிந்துவிடும். அப்போது ஏன்?

பாறைவழி எழுதியது:

இந்தத் துறையின் மையமான கேள்வியையே கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சமையலறை மேடையைச் சோப்புப் போட்டுத் துடைத்த ஈரம் இருக்கும்போது, வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் தம்ளரைச் சுடச்சுடக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். சில நேரம் தம்ளர் தானாகவே நகரும். யாரும் தள்ளவில்லை, மேடை சாய்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே அகப்பட்ட காற்று சூடேறி விரிகிறது; விளிம்பைச் சுற்றியுள்ள தண்ணீர் அதை வெளியே விடாமல் அடைக்கிறது; அழுத்தம் தம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. எடை குறைந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் இருக்கும் சிறு சாய்வே போதும்.

மலைக்குள் காற்றின் இடத்தில் நீர். மண் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது, மேலே உள்ள மண்ணின் எடையில் ஒரு பகுதியை அந்த நீரே சுமக்கத் தொடங்குகிறது. துகளும் துகளும் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் நூறு ஆண்டுகளுக்கு முன் இதைக் கணக்காக எழுதிவைத்தார். மண் பொறியியல் முழுவதும் அந்த ஒரு சமன்பாட்டின் மேல்தான் நிற்கிறது. ‘மழை மண்ணை வழுக்கலாக்குகிறது’ என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எண்ணெய் பூசியதுபோன்ற வழுக்கல் அன்று இது. சுமையை நீர் தாங்கிக்கொள்வதால் பிடி போகிறது.

மேற்பரப்பில் உள்ள மெல்லிய மண் மழை பெய்த அன்றே இறங்கிவிடும். ஆனால் மட் கிரீக் போன்ற ஆழமான சரிவில், நழுவும் தளம் பல பத்து மீட்டர் அடியில் இருக்கிறது. டிசம்பரில் பெய்த நீர் அரைபட்ட களிப்பாறை வழியே கசிந்து அந்தத் தளத்தை எட்ட வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். மேலே வெயில் காயும், புல் மஞ்சளாகும். கீழே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்.

அங்கே நடந்ததும் இதுதான். 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. அதன்பின் வந்த குளிர்காலம் வடகலிபோர்னியாவின் பதிவேட்டிலேயே மிக ஈரமானவற்றில் ஒன்று. சரிவுக்குப் பிறகு பழைய செயற்கைக்கோள் ரேடார் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தார்கள். அந்த மலைப்பகுதி வீழ்வதற்குமுன் குறைந்தது எட்டு ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் வேகம் கூடும், கோடையில் குறையும். 2017இல் அது குறையவில்லை.

அன்று இறங்கிய மண் சுமார் 40 லட்சம் கனமீட்டர். பத்துக் கனமீட்டர் டிப்பர் லாரியில் அள்ளினால் நான்கு லட்சம் நடை. நானூறு மீட்டர் நீளச் சாலை புதைந்தது. கடலுக்குள் பத்து ஏக்கருக்கும் மேல் புதுநிலம் நீட்டிக்கொண்டு நின்றது. சாலை ஏற்கெனவே மூடியிருந்தது. மண் அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்களை, நகர்வு அதிகமாவதைக் கண்டு சில நாள்களுக்கு முன்பே வெளியே எடுத்துவிட்டார்கள். ஓர் உயிர் போகவில்லை. எனக்கு இந்த வரியை எழுதும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

ஊவா மகள் எழுதியது:

பாறைவழி ஐயாவின் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே இருந்தேன்.

நான் பதுளை மாவட்டத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வீடுகள் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போயின. அது கடலோரம் அல்ல, தீவின் நடு மலைநாடு. ஆனால் உங்கள் பேச்சோடு அது சேருகிறது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மலை அங்கேயும் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு காணி இல்லாதவர்களிடம் ‘எழும்பிப் போங்கள்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் அம்மம்மா மழை நாள்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது முதல் வாளியை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் அவருக்குப் பயம். ஓடிக்கொண்டிருந்த பீலி மழைக்குள்ளேயே வற்றினாலும் பயம். சவுக்கு மரம் சாய்ந்தபடியே நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அந்தப் பக்கம் எங்களை விளையாட விடமாட்டார். இதெல்லாம் விஞ்ஞானத்தில் சரியா, ஐயா?

பாறைவழி எழுதியது:

முழுக்கச் சரி, அம்மா. உங்கள் அம்மம்மா பார்த்தவை எங்கள் களக்குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் இருப்பவை. நிலம் உள்ளே அசைந்தால் நீரின் வழி மாறும். புதுவெடிப்பில் நுழைந்தால் பழைய ஊற்று வற்றும், களியை அரித்து வந்தால் கலங்கும். அடிவளைந்த மரம், நிலம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்ததற்குச் சாட்சி. நகர நகர மரம் நிமிர முயல்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும். மட் கிரீக்கில் காலி செய்யவேண்டியிருந்தது ஒரு சாலையை. மீரியபெத்தையில் காலி செய்யவேண்டியிருந்தது வீடுகளை. இரண்டாவதற்கு ரேடார் போதாது. நீங்கள் சொன்னதுபோல் காணி வேண்டும்.

எண்ணிப்பார்ப்போம் எழுதியது:

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக ஒன்றைக் கேட்கிறேன். மட் கிரீக்கைச் சரிசெய்ய 5 கோடியே 40 லட்சம் டாலர். 2018 ஜூலை 18 அன்று திறந்தார்கள். அதே 2017இல் ஃபைஃபர் கேனியன் பாலத்தின் தூண் நின்ற நிலம் நகர்ந்து, பாலத்தையே இடித்து, 2 கோடியே 40 லட்சத்துக்குப் புதிதாகக் கட்டினார்கள். பிறகு 2021, 2023, 2024. அந்த மலை நிற்கப்போவதில்லை என்று பாறைவழியே சொல்கிறார். அப்படியிருக்க, மக்கள்தொகை மிகக் குறைந்த ஒரு பகுதிக்காகவும் சுற்றுலாவுக்காகவும் பொதுப்பணத்தை ஏன் மண்ணில் கொட்டவேண்டும்? வடக்கிலிருந்து கொஞ்சத் தூரம், தெற்கிலிருந்து கொஞ்சத் தூரம் என்று இரண்டு முட்டுச்சாலைகளாக விட்டுவிட்டு, நடுவே மலையை அதன் போக்கில் விடலாம் அல்லவா? இது கொடுமையான யோசனை அல்ல, நேர்மையான யோசனை என்று நம்புகிறேன்.

மாலைவெயில் எழுதியது:

2017இல் அங்கே இருந்தவர்களைக் கேட்டால் உங்கள் ‘நடுவே’ என்ற சொல் எவ்வளவு கனமானது என்பது தெரியும். வடக்கே பாலம் போயிற்று, தெற்கே மலை விழுந்தது. நடுவில் அகப்பட்டவர்கள் தங்கள் ஊரைத் தீவு என்றே சொன்னார்கள். ஹெலிகாப்டரில் பொருள்கள் வந்தன. பாலத்துக்குப் பக்கத்தில் காட்டுக்குள் ஒரு நடைபாதை வெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை முதுகில் போட்டுக்கொண்டு செங்குத்தாக ஏறி இறங்கினார்கள். அக்டோபரில் புதுப்பாலம் திறக்கும்வரை அதுதான் வழி. ஹோட்டல்களில் வேலை செய்தவர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. பயணிகள் என்று நாம் சொல்கிறோமே, அவர்களுக்குக் காப்பி கொடுக்கிறவரின் பிழைப்பும் அதே சாலையில்தான் வருகிறது.

பாறைவழி எழுதியது:

எண்ணிப்பார்ப்போம் கேட்டதைத் தள்ளிவிட முடியாது. துறைக்குள்ளும் இந்த விவாதம் நடக்கிறது. என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். சாலையை விடக்கூடாது, ஆனால் மலையைத் தோற்கடிக்கும் எண்ணத்தை விட்டுவிடவேண்டும்.

எப்படி என்றால், இடத்துக்கு இடம் வேறு வழி. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே இதே நெடுஞ்சாலையில் டெவில்ஸ் ஸ்லைடு என்ற பகுதி இருக்கிறது. பல பத்தாண்டுகள் சரிந்தது, சரிசெய்தார்கள், மீண்டும் சரிந்தது. கடைசியில் மலைக்குள் இரட்டைச் சுரங்கம் குடைந்து 2013இல் திறந்தார்கள். பழைய சாலை இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும். பிக் சரில் பிட்கின்ஸ் கர்வ் என்ற வளைவில் சரியும் நிலத்தின் மேல் பாலம் கட்டினார்கள். அடியில் மண் அதன் பாட்டுக்கு இறங்கட்டும் என்று. அதை ஒட்டி ரெயின் ராக்ஸ் என்ற இடத்தில் கல் மழைபோல் விழும். அங்கே சாலைக்கு மேல் கான்கிரீட் கூரை. கல் கூரையில் விழுந்து கடலுக்குப் போகிறது. மட் கிரீக்கிலோ, விழுந்த மண்ணை அகற்றவே இல்லை. அதன் மேலேயே புதுச்சாலை போட்டு, கடலோரத்தில் பெரும்பாறைகளை அடுக்கிக் காலைக் காத்தார்கள். ரீஜன்ட்ஸ் ஸ்லைடில் மனிதரை நிறுத்தினால் ஆபத்து என்பதால் தொலைவிலிருந்து இயக்கும் புல்டோசர்களை இறக்கினார்கள்.

‘எல்லா இடத்திலும் சுரங்கம் குடையலாமே’ என்று யாராவது கேட்பீர்கள். டெவில்ஸ் ஸ்லைடில் ஒன்றேகால் கிலோமீட்டர் குடைந்தால் ஆபத்தைத் தாண்டிவிடலாம். பிக் சரில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இதே கதை. அதுவும் நகர்ந்துகொண்டிருக்கும் களிப்பாறைக்குள் சுரங்கம் குடைந்தால் சுரங்கமும் சேர்ந்து நகரும்.

விழுந்த மண்ணைக் கடலில் தள்ளுவதும் முன்போல் எளிதல்ல. 1992இல் அந்தக் கடல் தேசியக் கடல்சார் காப்பகமானது. மண் போய் மூடினால் பாறைக்கரையில் ஒட்டிவாழும் உயிர்கள் மூச்சடைத்துச் சாகும். ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. மக்வே அருவியின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மரகத நிறக் குடா, வெள்ளை மணல், மணலில் விழும் அருவி. 1983க்கு முன் அந்த அருவி நேரே கடலில் விழுந்தது. அந்த ஆண்டுப் பெருஞ்சரிவின் மண்ணும், சாலையை மீட்கும்போது தள்ளிய மண்ணும் அலையில் அரைபட்டு வந்து படிந்ததுதான் அந்தக் கடற்கரை. அந்தக் கரையின் மணலே பெரும்பாலும் மலை கொடுப்பது. சரிவே இல்லாமல் கட்டிப்போட்டால் கடற்கரைகள் மெலியும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். சில இடங்களில் ஒருவழிப்பாதை போதும் என்றும், குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடியிருக்கும் என்றும் ஊரும் அரசும் ஒப்புக்கொண்டால், செலவும் குறையும், சாலையும் இருக்கும்.

எண்ணிப்பார்ப்போம் எழுதியது:

ஒருவழிப்பாதை என்பதை நான் நினைக்கவில்லை. அதை ஏற்கிறேன். ஆனால் மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்த ஒரு சாலைக்கு ‘சில வாரங்கள்’ என்று சொல்வது நம்பிக்கையா, கணக்கா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

பாறைவழி எழுதியது:

நம்பிக்கைதான். ஒப்புக்கொள்கிறேன்.

தீக்குச்சி எழுதியது:

காட்டுத்தீயைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருந்திருக்கிறேன் (பிக் சர் அல்ல, சியரா அடிவாரம்). தீ அணைந்த அன்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்குக் கவலை அன்றுதான் தொடங்கும்.

சப்பரல் என்று சொல்லப்படும் அந்த வறண்ட மலைகளின் புதர்கள் எரியும்போது அவற்றின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, விரற்கடை ஆழத்தில் குளிர்ந்து உறைகிறது. அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் சேம்பிலையில் நிற்பதுபோல் முத்துமுத்தாக நிற்கும். நான் என் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். துளி சாம்பலைப் போர்த்திக்கொண்டு அப்படியே உருண்டு போயிற்று. அடியில் மண் பொடியாக, காய்ந்தே இருந்தது. மழை உள்ளே இறங்காமல் முழுக்க மேலோடு ஓடினால், போகிற வழியில் சாம்பல், கல், கரிக்கட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்.

2020 ஆகஸ்டில் டோலன் தீ பிக் சரில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. 2021 ஜனவரி இறுதியில் ஒரு பெருமழை. ராட் கிரீக் ஓடையில் சாலை ஒரு மண்கரையின் மேல் போகிறது. அடியில் குழாய் வழியே ஓடை. சேறும் மரமும் வந்து குழாயை அடைத்தன. தண்ணீர் சாலைக்கு மேல் ஏறிக் கரையை அறுத்தது. 45 மீட்டர் அகலத்துக்குச் சாலை இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்க, நடுவே பள்ளம் நேராகக் கடலுக்குப் போயிற்று. இது பாறைவழி சொன்ன ஆழமான சரிவு அல்ல. மாதக்கணக்கில் எச்சரிக்கை தராது, நிமிடங்களில் முடிந்துவிடும். தெற்கே மான்டெசிட்டோவில் 2018 ஜனவரி 9 அதிகாலையில் 23 பேரைக் கொண்டுபோனதும் தீக்குப் பின் வந்த இத்தகைய சேற்று வெள்ளம்தான்.

ஆகவே பொருநைக்கரை, நீங்கள் கிளம்பும் முன் இரண்டு விவரம் பாருங்கள். முந்தைய கோடையில் எங்கே எரிந்தது. அன்று மழை உண்டா. எரிந்த ஓடையின் வாயில் மழை நாளில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

பாறைவழி எழுதியது:

தீக்குச்சியின் அறிவுரையோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைக் காலையில் பாருங்கள். பெருமழை முடிந்து சில நாள்கள் விட்டுப் போங்கள். 2024 மார்ச் 30 அன்று ராக்கி கிரீக்கில் கடலோரப் பக்கத்துச் சாலை திடீரென்று உடைந்து விழுந்தது. அப்பால் மாட்டிக்கொண்டவர்கள் இரவு தங்கி, மறுநாள் வரிசையாக ஒற்றைப் பாதையில் வெளியே வந்தார்கள். பெற்றோருக்கு மாத்திரை ஏதாவது இருந்தால் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துவையுங்கள். பெட்ரோல் கார்மெலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பல இடங்களில் கைப்பேசி எடுக்காது.

பாறைச்சுவருக்கு நேர் கீழே நிறுத்தவேண்டாம். சாலையில் புதிதாகக் கூழாங்கல் சிதறிக் கிடந்தால் அது மேலிருந்து வந்தது என்று கொள்ளுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

போய்வந்துவிட்டோம். எழுத இரண்டு மாதம் தாமதமாகிவிட்டது, பொறுத்தருள்க. ஏப்ரல் நடுவில், எட்டு நாள் மழையில்லாத ஒரு காலையில் கிளம்பினோம்.

அப்பா பொதுப்பணித் துறையில் கால்வாய்ப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவர். இந்த இழையை நான் அச்செடுத்து அவரிடம் கொடுத்திருந்தேன். காரில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டார். பிக்ஸ்பி பாலத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, மலையில் வெட்டிய சாய்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூசியாவுக்கு அப்பால் ஓர் ஓரத்திடலில் இறங்கினோம். சாலையின் நடுக்கோடு அங்கே ஒரு கையகலம் கடல் பக்கம் விலகி, மீண்டும் நேராகிப் போகிறது. விலகிய இடத்தில் தாரில் அரைவட்டமாக ஒரு வெடிப்பு. அதைத் தார் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அடைத்த தாரின் நடுவே மயிரிழையாகப் புது வெடிப்பு. அப்பா குனிந்து சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து அதில் செருகிப் பார்த்தார். டிக்கெட் பாதிவரை இறங்கியது. அம்மா பயந்துபோய் ‘வாங்க, போகலாம்’ என்று கையைப் பிடித்தார்.

மட் கிரீக்கில் புதுநிலத்தைப் பார்த்தேன். படங்களில் நாக்குபோல நீண்டிருந்தது, இப்போது விளிம்பு தின்னப்பட்டிருக்கிறது. அலை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கற்கள் உருளும் ஓசை மேலே சாலை வரை கேட்டது. அம்மா அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இன்னும் கொஞ்சம் தெற்கே வந்ததும், மலைச்சாய்வில் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருப்பதை அப்பாதான் கண்டுபிடித்தார். ‘தண்ணிக்கு வழி விட்டிருக்காங்களான்னு தேடிக்கிட்டே வந்தேன்’ என்றார். போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்துச் சாலையைக் கடந்தோம். முதல் இரண்டு குழாய் காய்ந்திருந்தன. மூன்றாவதன் அடியில் பாசி படிந்திருந்தது. அப்பா உள்ளங்கையைக் கீழே பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. எட்டு நாளாக மழை இல்லை. தண்ணீர் சில்லென்று, கலங்கல் இல்லாமல் இருந்தது.

பாறைவழி ஐயாவிடம் அவர் கேட்கச் சொன்ன கேள்வி: அந்தக் குழாய் உள்ளே எவ்வளவு நீளம் போகும்? அடைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

பாறைவழி எழுதியது:

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கிடைவடிகுழாய் என்போம். வாயைவிட உள்முனை சற்று உயரமாக இருக்கும்படி சாய்த்துத் துளையிடுவார்கள். முப்பது மீட்டரும் போகும், நூறு மீட்டரும் போகும். நழுவும் தளத்தைத் தாண்டவேண்டும் என்பதே கணக்கு. சுவரில் மெல்லிய கீறல்கள் இருக்கும், நீர் அவற்றின் வழியே உள்ளே வரும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, அவர் செய்ததேதான். யாராவது போய் எண்ணவேண்டும். வேரும் களியும் சுண்ணமும் சேர்ந்து சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும். அழுத்த நீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் மீளும். காய்ந்திருந்த அந்த இரண்டு குழாய்களும் நீர் இல்லாமல் காய்ந்தவையா, அடைத்துக் காய்ந்தவையா என்பது வெளியிலிருந்து தெரியாது. நம்பர் ஏதாவது எழுதியிருந்ததா, இருந்தால் அனுப்புங்கள். அங்கே பணியாற்றும் ஒருவரை எனக்குத் தெரியும்.